நலமானவர் எண் 4

பிப்ரவரி 10, திங்கள்

இவருக்கு ஏதோ மோட்டார் பம்பு கம்பெனியில் ஓசியாகக் கொடுத்த டைரி. கோயமுத்தூரில் வீட்டுக்கு வீடு இந்த மாதிரி இரண்டு டைரியாவது சும்மா கிடக்கும். முப்பத்து நாலு வருடமாக ஆய்வுக்கூட நோட்டில் செல்களைப் பற்றி எழுதியே கை தேய்ந்துவிட்டது, என்னைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஏப்ரல் முப்பதோடு ஓய்வு. எண்பது நாள்கூட இல்லை. அதுவரை எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கூடத்து விதியை இங்கேயும் வைத்துக்கொள்கிறேன். எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒற்றைக் கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே இதுதான். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள்.

இன்று பூங்கோதை வந்தாள். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர், வயது நாற்பத்தொன்று. ரத்தப் புற்று இரண்டு தடவை அடங்கி, இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. இனிமேல் கொடுக்க வழக்கமான மருந்து எதுவும் இல்லை. அவள் ரத்தத்திலிருந்தே டி செல் என்னும் வெள்ளை அணுக்களை எடுத்து, புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைக் கண்டுகொள்ளக் கற்றுக்கொடுத்து, கோடிக்கணக்கில் வளர்த்து, அவள் உடம்புக்கே திருப்பி ஏற்ற வேண்டும். உலகத்தில் வேறு இடங்களில் செய்கிறார்கள். எங்கள் கூடத்தில் எங்கள் கையால் செய்யப்போவதில் இவள்தான் முதல் ஆள். என் வேலை வாழ்க்கை முழுவதும் இந்த ஒருத்திக்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை. அவளிடம் அப்படிச் சொல்லவில்லை, பயந்துவிடுவாள்.

தாலிக்கொடி கழுத்தில் உறுத்துகிறது. தாடைக்குக் கீழே பயறு அளவில் ஒரு கட்டி. பல் சமாச்சாரம்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

பூங்கோதையின் செல்களை எடுத்தோம். நாலு மணி நேரம் இரண்டு கையிலும் ஊசியோடு படுத்திருந்தாள். மூக்கு அரித்தால் சொறிய முடியவில்லை என்பதைத் தவிர ஒரு புகாரும் இல்லை. அவள் டாக்டர் ரெஜினா கூடவே இருந்தார். எங்கள் கூடத்தை ஒட்டிய மருத்துவமனையில் ரத்த நோய்ப் பிரிவு ரெஜினாவுடையது. சிரிக்காமலே சிரிப்புக் காட்டுகிற மனுஷி.

புறப்படும்போது பூங்கோதை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பட செல்லுங்களப் பாத்துக்கோங்க டாக்டரம்மா. ஹாஸ்டல்ல புள்ளைங்கள வுட்டுட்டுப் போறாப்புல இருக்குதுங்க" என்றாள். நன்றாகச் சாப்பாடு போடுவோம் என்றேன்.

சாயங்காலம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் எங்கள் துறைத் தலைவர் என் ஆய்வுத் திட்டத்தைப் படித்துவிட்டு, உடம்பே புற்றுநோயைத் தின்றுவிடும் என்றால் அப்புறம் நமக்கு என்ன வேலை என்று எல்லார் எதிரிலும் கேட்டார். கூட்டமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது. பிறகு பதினாறு வருடம் எலிகள். இன்று நாலு மணி நேரம் பூங்கோதை. அவர் இருந்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்திருப்பேன், கொஞ்சம் சர்க்கரை குறைவாக.

பிப்ரவரி 20, வியாழன்

வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. கூடத்தில் செல்கள் இரட்டித்தன. இரண்டிலும் சந்தோஷம்.

பிப்ரவரி 24, திங்கள்

ரத்தம் கொடுக்கும் நாள். எங்கள் கூடத்தில் இது பழைய வழக்கம். நோயாளியின் செல்களைச் சோதிக்கும்போது பக்கத்தில் நலமானவர் ரத்தத்தையும் வைத்துச் சோதிக்க வேண்டும். நலமானவர் சரியாகத் தெரிந்தால்தான் கருவி சரியாகப் பார்க்கிறது என்று நம்பலாம். அந்த நலமானவர்கள் வேறு யாரும் இல்லை, நாங்களேதான். ஆளுக்கொரு எண், குழாயில் பெயர் இருக்காது. நான் இருபத்தாறு வருடமாக எண் 4. எட்டு ஆய்வுக் கட்டுரைகளில் நலமான மனிதர் என்று போட்டிருக்கும் படம் என் ரத்தம். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ரத்தம் எடுப்பவர் ஆறுச்சாமி. எங்கள் மூத்த டெக்னீஷியன். நான் எண் 4 ஆன வருடம்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார், அன்றிலிருந்து இன்றுவரை என் நரம்பை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. "அம்மாவோட ரத்தம் பாடப்புத்தகமாட்டம்" என்று புதியவர்களிடம் சொல்வார். சந்தைக்கு வந்த மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். ஆனாலும் காது குளிரும்.

மாதாந்திர உடல்நலப் படிவம் வேறு. செல் வளர்க்கும் சுத்த அறைக்குள் நுழைகிற எல்லாரும் நிரப்ப வேண்டும். காய்ச்சல் இல்லை. எடைக் குறைவு இல்லை. கட்டி இல்லை. கையெழுத்துப் போட்டு, தரக் கட்டுப்பாட்டு அதிகாரி கிரிதரனிடம் கொடுத்தேன். மருந்துக் கம்பெனியிலிருந்து வந்தவர், நாற்பதுகூட ஆகவில்லை. புள்ளி வைக்க மறந்தால்கூட ஃபைலைத் திருப்பி அனுப்புகிற ஜாதி. இதைத் திருப்பி அனுப்பவில்லை.

மார்ச் 1, சனி

அறுவடை முடிந்தது. பூங்கோதையின் செல்கள் வேண்டிய அளவுக்கு மேலேயே வளர்ந்திருக்கின்றன. பைகளில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தோம். இனித் தரச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அதில் தேறினால் அவளுக்கு ஏற்றலாம்.

வீட்டில் இவர் அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தார். பொதுப்பணித் துறையில் அணை கட்டின மனிதர், குக்கரில் தண்ணீர் அளவு மட்டும் பிடிபடவில்லை. கஞ்சியாகக் குடித்தோம். கழுத்தைப் பார்த்துவிட்டு என்ன அது என்று கேட்டார். கொசு என்றேன்.

மார்ச் 3, திங்கள்

சோதனை செல்லவில்லை.

பூங்கோதையின் குழாயில் ஒரு குறையும் இல்லை. நலமானவர் இருவரில் எண் 2 சரி. எண் 4 எல்லைக்கு வெளியே போய்விட்டது. கருவி ஒவ்வொரு செல்லையும் ஒளி முன்னால் ஓடவிட்டுத் திரையில் ஒரு புள்ளி வைக்கும். நலமான ரத்தத்தில் பி செல் என்னும் இன்னொரு வகை அணுக்களின் புள்ளிகள் மேல் மூலையில் சின்னக் கொத்தாக உட்கார்ந்திருக்கும். எண் 4இல் கொத்து தடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நலமானவரில் ஒருவர் தவறினாலும் மொத்தச் சோதனையும் செல்லாது, அது விதி.

லேசர் சரியாகச் சூடேறியிருக்காது என்றேன். ஆறுச்சாமி கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டரிடம் போனேன். பல்லில் ஒன்றும் இல்லை என்கிறார். நேற்று முளைத்த டாக்டர், அவருக்கு என்ன தெரியும்.

மார்ச் 6, வியாழன்

புது மருந்துக் குப்பி, புது ரத்தம், கருவிக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. எல்லாம் செய்து மறுபடி ஓட்டினோம். எண் 4 மறுபடியும் அதே சாய்வு. இரண்டாவது சோதனையும் செல்லாது.

மூன்றாவது முறையும் தவறினால் பூங்கோதையின் செல்கள் அத்தனையையும் தூக்கிப்போட வேண்டும். எங்கள் திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. எழுதியது நானே. மறுபடி அவளிடமிருந்து எடுத்து, மறுபடி வளர்க்க ஒரு மாதம் ஆகும். அவளுக்கு ஒரு மாதம் இருக்கிறதா என்று ரெஜினாவைக் கேட்டேன். ரெஜினா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எண் 4க்குப் பதில் வேறு ஒருவரை வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். வைக்கலாம்தான், ஆனால் தக்க காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் தெரியாமல் ஆளை மாற்றினால் அது சோதனை இல்லை, சமாளிப்பு.

மார்ச் 8, சனி

விடுமுறை. காலையில் நான் மட்டும் கூடத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் கருவியைப் பார்த்தேன். கருவி நன்றாக இருக்கிறது.

வரும் வழியில் உக்கடத்தில் முருங்கைக்காய் வாங்கினேன். ஒன்றுகூட முற்றவில்லை, எல்லாம் நல்ல பிஞ்சு. வேறு எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

முருங்கைக்காய் சாம்பார். இவர் இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம், காதில் விழவில்லை.

மார்ச் 10, திங்கள்

கிரிதரன் கூட்டம் போட்டார். இரண்டு சோதனை ஏன் செல்லவில்லை என்று காரணம் வேண்டும், காரணம் இல்லாமல் மூன்றாவதைத் தொடங்க விடமாட்டேன் என்றார். எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஆறுச்சாமி எழுந்து, பைப்பெட்டில் அளவு தப்பிவிட்டது, இரண்டு தடவையும் என் கைதான் என்று சொன்னார். பதிவேட்டிலும் எழுதிவிட்டாராம். எடுத்துக் காட்டினார். "எண் 4 குழாயில் அளவுப் பிழை. பிழை என்னுடையது. ஆ."

ஆறுச்சாமி கை தப்புவதாவது. கண்ணைக் கட்டிவிட்டால்கூட அந்த மனிதர் சொட்டு மாறாமல் விடுவார். கிரிதரனுக்கும் நம்பிக்கை வரவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனால் எழுத்தில் இருக்கிறதே. ஆறுச்சாமியைச் சோதனையிலிருந்து விலக்கி, ஒரு வாரம் பைப்பெட் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். அந்தப் பயிற்சிக்கான பாடக் குறிப்பை எழுதியவரே ஆறுச்சாமிதான்.

நான் வாய் திறக்கவில்லை. தலைவலி இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

பூங்கோதைக்குக் காய்ச்சல். மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். ரத்தத்தில் புற்றுச் செல்கள் ஏறத் தொடங்கியிருக்கின்றன. அதிகம் போனால் இரண்டு வாரம்தான் காத்திருக்க முடியும் என்று ரெஜினா இப்போது கேட்காமலே சொன்னார்.

மதியம் ஆறுச்சாமி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார், அதே மாதிரி நின்றுகொண்டே பேசினார்.

"அம்மா, மூணாவது தடவைக்கு நாலாம் நம்பர் குழாய்ல வேற ஆளு ரத்தத்த ஊத்திப்போடலாங்க. எம்பட ரத்தமே இருக்குதுங்க. எனக்கு நம்பர் இல்லீங்களே, யாரும் கண்டுக்க மாட்டாங்க."

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியுமுங்க. இருபத்தாறு வருசமாப் பாத்துட்டிருக்கிற புள்ளிங்க. உங்க மூஞ்சியக்கூட நான் அவ்வளவு உத்துப் பாத்ததில்லீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன தைரியத்தில் என் தப்பை உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று கத்தினேன். நீங்களே சொல்லுவீங்கன்னு ஒரு வாரம் பாத்தேனுங்க என்றார், அவ்வளவுதான். அவர் போன பிறகு மேஜையில் இருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டேன். கை பட்டுக் கொட்டியது என்று துடைக்க வந்த அம்மாளிடம் சொன்னேன்.

அவர் சொன்னதை அரை மணி நேரம் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று எழுதத்தான் ஆசை. யோசித்தேன். ஒரே ஒரு குழாய். பூங்கோதைக்கு நேரத்துக்குச் செல்கள் போய்ச் சேரும். ஆறுச்சாமிக்கு ஒரு வாரப் பயிற்சியோடு போகும். நான் ஏப்ரல் முப்பது வரை சுத்த அறைக்குள் நின்று, என் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவேன். உடம்பில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கதவை எனக்கு அன்றைக்கே சாத்திவிடுவார்கள். முப்பத்து நாலு வருடம் காத்திருந்துவிட்டுக் கடைசி ஒன்றரை மாதத்தில் வாசலில் நிற்பதா என்று இருந்தது.

மாலையில் பூங்கோதையைப் பார்க்கப் போனேன். உதடு வறண்டு படுத்திருந்தாள். பள்ளியில் கோ-கோ அணி மாவட்டப் போட்டிக்குப் போயிருக்கிறதாம், போனில் படம் காட்டினாள். பிறகு கேட்டாள்:

"எனக்குப் போடப்போறது சரியா இருக்குதான்னு நீங்க பாத்துட்டீங்கல்லங்க டாக்டரம்மா? நீங்க பாத்தாப் போதுமுங்க."

பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நடைக்கூடம் முடியும்வரை அந்தக் கேள்வி பின்னாலேயே வந்தது. நலமானவர் குழாய் பொய் சொன்னால், பக்கத்தில் இருக்கிற அவள் குழாய் சொல்வதையும் நம்ப முடியாது. இதைத்தான் இத்தனை வருடம் பாடம் நடத்தினேன்.

மார்ச் 12, புதன்

காலை எட்டரைக்கே போய்ப் பதிவேட்டை எடுத்தேன். ஆறுச்சாமி எழுதிய வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். அடியில் இருப்பது நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் எழுதினேன்: "அளவுப் பிழை இல்லை. எண் 4 நலமானவர் அல்ல. பி செல் பெருக்கம், ஒரே வகை, புற்றாக இருக்கலாம். எண் 4 நான்தான். மார்ச் 8 அன்று நானே தனியாகச் சோதித்து உறுதி செய்தேன். பிப்ரவரி 24 உடல்நலப் படிவத்தில் கட்டி இல்லை என்று நான் எழுதியதும் தவறு. தெய்வானை."

எழுதி முடித்து, பதிவேட்டைக் கிரிதரன் மேஜையில் வைத்தேன். நின்றவாக்கில் படித்தார். ஒரு தடவை படித்தார், மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"மேடம், தேதி போடல."

தேதி போட்டேன். கிரிதரன் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். ஆறுச்சாமியின் பயிற்சியை அங்கேயே ரத்து செய்தார். எண் 4க்குப் பதில் எண் 6, காரணம் எழுத்தில் இருக்கிறது, மூன்றாவது சோதனை வெள்ளிக்கிழமை என்று குறித்தார். சுத்த அறைக்கான என் அட்டையைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். இந்த மனிதரை மூன்று வருடமாக வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன், அதற்கும் ஏதாவது படிவம் இருந்தால் நிரப்பிக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

"ஒரே எடத்துல பத்து நாளாக் கடிக்கிற கொசு எந்த ஊர்ல இருக்குது, தெய்வான?"

அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பின்பு வெண்டைக்காயை நான் நறுக்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

சுத்த அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஆறுச்சாமிதான் ஓட்டினார். எண் 2 சரி. எண் 6 சரி. பூங்கோதை மிகச் சரி. உள்ளேயிருந்து ஆறுச்சாமி கையுறையோடு கட்டைவிரலைக் காட்டினார். கிரிதரன் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டார். சோதனை செல்லும்.

இன்னொரு சங்கதி. கிரிதரனிடம் முறையாக அனுமதி கேட்டு, தனிக் குறிப்பு என்று தலைப்புப் போட்டு, என் ரத்தத்தையும் ஒரு குழாயில் பூங்கோதையின் செல்களோடு வைத்தோம். அவள் செல்கள் தேடுகிற அடையாளம் என் கெட்ட செல்களின் மேலும் இருக்கிறது. மாலைக்குள் மேல் மூலையில் அந்தச் சாய்ந்த கொத்தைக் காணோம். சுத்தமாக மேய்ந்துவிட்டிருந்தன. வேற்று ஆள் செல் என்பதால் அந்தப் பகையும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், ஒரே ஒரு குழாயை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்று குறிப்பில் எழுதினேன். எழுதிவிட்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, புதன்

ரெஜினா ரிப்போர்ட்டைக் கொடுத்தார். நாள்பட்ட ரத்தப் புற்று, மெதுவாக நகரும் வகை, ஆரம்ப நிலை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்தால் போதும். வருடக் கணக்கில் அப்படியே கிடக்கவும் கிடக்கலாம். கவலைப்படாமல் காத்திருங்கள் என்றார். இதே வார்த்தையை எத்தனை பேரிடம் நான் சொல்லியிருப்பேன். சொல்வது சுலபம்தான்.

ஆறுச்சாமி பழைய படங்களையெல்லாம் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தார். இதற்கு முன் கடைசியாக ரத்தம் கொடுத்த போன வருடம் ஆடி வரைக்கும் என் புள்ளிகள் ஒழுங்காக இருந்திருக்கின்றன. ஆகவே எட்டுக் கட்டுரைக்கும் பழுதில்லை. அந்தக் கர்வத்தை வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

செல்களுக்கு உடம்பில் இடம் ஒதுக்கும் மருந்தெல்லாம் கொடுத்து முடித்து, இன்று ஏற்றிவிட்டோம். சின்னப் பை, பால் பாக்கெட்டில் பாதிகூட இருக்காது. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதற்கா முப்பத்து நாலு வருடம் என்று இருந்தது. வார்டுக்குள் போக எனக்குத் தடை இல்லை, அதனால் கட்டில் பக்கத்திலேயே நின்றேன்.

பூங்கோதை பையைப் பார்த்துக் கையசைத்தாள். "வூட்டுக்கு வந்துட்டீங்களா" என்று செல்களிடம் கேட்டாள். ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 28, வெள்ளி

பூங்கோதைக்குக் கடுங்காய்ச்சல், நூற்று நாலு. இதை எதிர்பார்த்தோம். உள்ளே போன செல்கள் வேலையைத் தொடங்கினால் உடம்பு இப்படித்தான் கொதிக்கும். எதிர்பார்த்தது என்று தெரிந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வராவிட்டால் இன்னும் பயந்திருப்பேன். அவள் வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரி, வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் பேப்பரைப் பிடித்தபடி இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தேங்காய் விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

மார்ச் 31, திங்கள்

காய்ச்சல் இறங்கியது. இட்லி கேட்டாளாம்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. இவர் செய்த பாயசம் பாயசமாகவே வந்தது. இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். மாலையில் இருவரும் ரேஸ் கோர்ஸில் ஒரு சுற்று நடந்தோம். இரண்டாவது சுற்றுக்கு மூச்சு வாங்கியது, வயசு என்றேன். இவர் என்னைப் பார்த்தார். சரி, வயசும்தான் என்று திருத்திச் சொன்னேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பூங்கோதையின் எலும்பு மஜ்ஜையில் புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை.

ரெஜினா போனில் சொன்னதும் நான் மேஜைக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடினேன், காலில்தான் இருந்தது. ஆறுச்சாமியிடம் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். கிரிதரன் ரிப்போர்ட்டில் பக்க எண் போடவில்லை என்றார். சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய், கூடம் முழுவதற்கும் ஜிலேபி வரவழைத்தார்.

ஆறாவது மாதமும் இப்படியே இருக்க வேண்டும், இரண்டாவது வருடமும் இருக்க வேண்டும். எல்லாம் தெரியும். இன்றைக்கு ஜிலேபி.

ஏப்ரல் 30, புதன்

சால்வை, மாலை, குழுப் படம். பூங்கோதை அரை மணி நேரம் வந்துவிட்டுப் போனாள், தலையில் முடி பிஞ்சுப்புல் மாதிரி முளைத்திருக்கிறது. எல்லாரும் பேசினார்கள். நான் பேச எழுந்து, எங்கள் துறைத் தலைவர் அன்று கேட்ட கேள்வியைச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. இந்த முறை நான்தான் முதலில் சிரித்தேன்.

எல்லாம் முடிந்து, மூன்று மாதக் கணக்கு ரத்தத்தை முன்னதாகவே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஆறுச்சாமியிடம் போய்க் கையை நீட்டினேன். கட்டினார், தடவினார், ஊசி போட்டார். நரம்பு தப்பிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. மன்னிச்சுக்கோங்கம்மா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது மட்டும் அளவுப் பிழை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டாவது தடவை சரியாக விழுந்தது.

குழாயைத் திருப்பிப் பார்த்தேன். எண் இல்லை. நோயாளி என்றால் பெயர் எழுத வேண்டும். தெய்வானை, வயது 60 என்று தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். என் பெயர் போட்ட குழாயை இன்றுதான் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். பிப்ரவரி பத்து. "பல் சமாச்சாரம்தான்." மேலே ஒற்றைக் கோடு போட்டேன், அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. பக்கத்தில் எழுதினேன்: "பல் இல்லை. விரல் வைத்த அன்றே தெரியும். தெ., ஏப்ரல் 30."

இந்தத் தடவை தேதியை மறக்கவில்லை. காபி ஆறுகிறது என்று இவர் இரண்டாவது முறை கூப்பிடுகிறார், போகிறேன்.